விடுதலைக்கும் ஒரு பொத்தான் வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்:
ஆவணப் பிரிவுத் தொழில்நுட்ப உதவியாளர்
(பெயரைச் சொன்னால் எனக்கும் ஒரு கோப்பு திறக்கப்படும்)

பெறுநர்:
குற்ற ஆவணக் காப்பக மேலிடம்
(எந்த மாநிலம் என்பதும் அதே காரணத்தால் விடப்பட்டுள்ளது)

உரிய வழியாக அனுப்பினால் நான் ஓய்வு பெறுவதற்குள் வந்து சேராது என்பதால், பத்திரிகை வழியாக.

பொருள்: நீதிமன்றம் விடுவித்தவர்களைக் கணினியும் விடுவிப்பது தொடர்பாக.
பார்வை: குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், 2022.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் நன்றி. 2022 ஆகஸ்ட் 4 முதல் நடைமுறையில் உள்ள மேற்படி சட்டம், நாம் எடுக்கும் ரேகையையும் கருவிழிப் பதிவையும் 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. திருவிழாச் சண்டையில் கைதாகி, அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போன இருபது வயதுப் பையனுக்கு 95 வயதாகும் வரை அவன் கட்டைவிரல் நம் பொறுப்பு. பட்டா காணாமல் போகும், வாக்காளர் பட்டியலில் பெயர் காணாமல் போகும். ரேகை போகாது. குடிமகனின் உடைமை எதையும் அரசு இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நான் கண்டதில்லை.

நம் தொழிலின் பாரம்பரியமும் லேசுப்பட்டதல்ல. 1897-ல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் தொடங்கியபோது, பத்து விரல்களையும் 1024 பிரிவுகளில் அடக்கும் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் அஜீசுல் ஹக். ரேகைகளைத் தந்தியில் அனுப்பும் குறியீட்டுக்கு உதவியவர் ஹேம் சந்திர போஸ். அந்த முறைக்கு வாய்த்த பெயரோ அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. இருக்கவேண்டிய பெயர் விட்டுப்போவதும், நீங்கவேண்டிய பெயர் நிலைத்து நிற்பதும் அன்றே தொடங்கிய வழக்கம்.

ரேகை வைக்க மாட்டோம் என்று சொன்னவர்களும் உண்டு. 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி ஊரே வந்து ரேகை வைக்கவேண்டும் என்றபோது மறுத்து நின்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கைதிகள் அடையாளச் சட்டம் வந்தது. 2022-ல் நாம் மாற்றியது அந்தச் சட்டத்தைத்தான். இப்போது மறுப்பவர்மேல், அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுத்ததாக வழக்குப் போட்டால் போதும். துப்பாக்கி தேவையில்லை. முன்னேற்றம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன்மேல் என்ன புகார் என்று தெரியவேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் பிறந்த உத்தரவு அது. அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அவர் விடுதலையானதை இத்தனை மணி நேரத்துக்குள் ஏற்று என்று எனக்கு யாரும் கெடு வைக்கவில்லை.

தீர்ப்பு எங்களிடம் வந்து சேரும் அழகைக் கேளுங்கள். தீர்ப்பு நகலைக் கோர்ட் கான்ஸ்டபிள் வாங்கவேண்டும். அவர் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார். நகலைப் பார்த்து நிலைய ரைட்டர் பதிய வேண்டும், அவர் மாற்றலாகியிருப்பார். புதிதாக வந்தவருக்குக் கணினிக் கடவுச்சொல் வந்திருக்காது. அங்கிருந்து மாவட்டக் காப்பகம், அதன்பின் நான். இதற்கிடையே அந்த மனிதர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பார். பெயரைத் தட்டினால் என் திரையில் ‘பி.டி.’ என்று வரும். அதாவது வழக்கு விசாரணையில் இருக்கிறது. தீர்ப்பெழுதிய நீதிபதியே வந்து பார்த்தாலும் என் திரையைத்தான் நம்பவேண்டும்.

ரேகையை அழிக்கச் சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் பதிவை அழிக்கவேண்டும். ஆனால் மேல்முறையீடு எல்லாம் தீர்ந்திருக்கவேண்டும். காரணம் எழுதிவைத்து நீதிமன்றம் ‘இருக்கட்டும்’ என்று சொல்லாமலும் இருக்கவேண்டும். அதன்பின் அவரே பொறுப்பு அதிகாரிக்கு மனுப்போடவேண்டும். வேறு வழக்கில் தொடர்பில்லை என்று அந்த அதிகாரி பார்த்து, டெல்லியில் உள்ள தேசியக் காப்பகத்துக்குப் பரிந்துரைப்பார். எடுப்பதற்கு நாம் அவர் வீடு தேடிப் போனோம். அழிப்பதற்கு அவர் நம் வாசலைத் தேடி வரவேண்டும்.

நஃபிஸ் என்னும் தேசிய விரல்ரேகைத் தொகுப்பு, கைதானவர்களுக்குப் பத்து இலக்க எண் ஒன்றும் தருகிறது. கைபேசிக்கும் பத்து இலக்கம்தான். அதிலாவது கம்பெனி பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம்.

அழித்தாலும் முடிவதில்லை. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்று தமிழ்நாட்டுக் காவல் பணித் தேர்வு விதியே சொல்கிறது. நீதிமன்றம் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுத்தது. நாம் பலனைப் பிடுங்கிக்கொண்டு சந்தேகத்தை மட்டும் அவர் கையில் விட்டிருக்கிறோம்.

ஆகவே என் கோரிக்கைகள்:

1. முதல் தகவல் அறிக்கைக்குக் காட்டும் 24 மணி நேர வேகத்தை விடுதலைக்கும் காட்டவேண்டும். சர்வர் தாங்காது என்பார்கள். அறிக்கையைத் தாங்குகிற சர்வர் இதையும் தாங்கும்.

2. விடுதலையானவர் மனுவோடு அலையக்கூடாது. தீர்ப்பு வந்ததும் நாமே அவர் வீட்டுக்குப் போய், பதிவு அழிக்கப்பட்டது என்ற கடிதத்தைக் கொடுக்கவேண்டும். கைது செய்யப் போவதுபோல விடியற்காலை நான்கு மணிக்கு வேண்டாம், பகலில் போகலாம்.

3. இவை இரண்டும் முடியாவிட்டால், ‘வழக்கின் முடிவு’ என்ற கட்டத்தில் ‘எங்களுக்கு இன்னும் தெரியாது’ என்றொரு வாய்ப்பையாவது சேர்க்கவேண்டும். திரையில் ஓர் உண்மையாவது இருக்கும்.

பணிச்சுமை கூடும் என்று எங்கள் பிரிவிலிருந்தே ஆட்சேபம் வரக்கூடும். ‘விசாரணையில்’ என்பதை ‘விடுதலை’ என்று மாற்ற ஒரு சொடுக்குப் போதும். அதனால் விரலுக்குச் சேதம் எதுவும் வராது என்று, விரல்களையே பார்த்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சான்றளிக்கிறேன்.

ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
தொழில்நுட்ப உதவியாளர்

இணைப்பு: தீர்ப்பு நகல்கள் (வந்து சேர்ந்ததும் அனுப்பிவைக்கப்படும்).