மட்டையா, மணிக்கட்டா?

டெங்கில் வாசகர்: பூப்பந்தில் நான் கற்றுக்குட்டி. தேசிய ஆட்டக்காரர்கள் பிடிக்கும் 800 வெள்ளி மட்டையை இப்போதே வாங்கிவிட்டால், என் ஆட்டமும் தானாக உயர்ந்துவிடாதா?

மட்டை 800 வெள்ளி, சரி. அதை வளைக்கும் மணிக்கட்டு என்ன விலை?

2023 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த சோதனையில் நம் மலேசிய ஆட்டக்காரர் பியர்லி டான் அடித்த பந்து மணிக்கு 438 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. பெண்களில் அது கின்னஸ் சாதனை. அப்படிச் சுழலும் கைக்குத்தான் அந்த மட்டையின் விறைப்பான தண்டு வளைந்து நிமிர்ந்து பந்தைத் தள்ளும். மெதுவான கையில் அது வெறும் குச்சி. தோளும் முழங்கையும்தான் வலிக்கும்.

நீங்கள் வளையும் தண்டு, தலை கனக்காத மட்டை, 80 முதல் 84 கிராம் எடை என்று பாருங்கள். கடையில் '4யூ' என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்ட்ரிங்கை 22 பவுண்டுக்கு இழுக்கச் சொல்லுங்கள். 28-க்கு இழுத்தால், நடுவில் படாத பந்தெல்லாம் செத்து விழும். வளர இடம் வேண்டுமென்றால் நடுத்தர விறைப்புவரை போகலாம். அதற்கு மேல் இப்போது வேண்டாம். மிச்சப் பணத்தில், கால் நகர்த்தக் கற்றுத்தரும் நல்ல பயிற்சியாளரைப் பிடியுங்கள். பியர்லியோடு 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் தங்கம் வென்ற நம் தீனா முரளிதரனின் கால்களைக் கவனியுங்கள்: பந்துக்கு முன்பே போய் நிற்கும்!

அப்போ, அந்த 800 வெள்ளி மட்டையை எப்போதுதான் வாங்குவது?

உங்கள் பின்கோட்டில் நின்று அடிக்கும் பந்து, பத்துக்கு எட்டு முறை எதிராளியின் பின்கோட்டில் விழட்டும். மறுநாளே வாங்குங்கள்.