பேட்டரி என்ன பாவம் பண்ணுச்சு மாப்ள?

மறுபடியும் புது பேட்டரியா மாப்ள? பேஷ், பேஷ். போன வருஷம் வாங்குனதுக்கே ஸ்டிக்கர் இன்னும் உரியல, அதுக்குள்ள அதுக்கு ஒரு தம்பி பொறந்துட்டான். பேட்டரிக் கடைக்காரரு உன் போட்டோவ மாட்டி தினம் சாம்பிராணி போடுறாரோ என்னமோ. புதுச மாட்டுன அன்னைக்கு செல்ஃப் ஒரே அடியில எடுத்துச்சு, காலர தூக்கி விட்டுக்கிட்டு ஊரச் சுத்துன. நாலு நாள்ல ‘டொக்’குனு ஒரு சத்தம், அத்தோட சரி. இப்ப வாய்க்கா கரை மேல ஏத்தி நிறுத்தி, காலையில உருட்டிவிட்டு ஸ்டார்ட் பண்றியாமே? நம்ம டெல்டாவுல மேடு கெடைக்கிறதே அபூர்வம். கெடந்த ஒரு மேட்டையும் நீ பட்டா போட்டுக்கிட்ட.

சரி, உன்னை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. டீசல் இஞ்சின் கொஞ்சம் கள்ளத்தனமான ரகம். பெட்ரோல் வண்டின்னா பொறி விழ கரண்ட் வேணும், சார்ஜ் ஏறலன்னா நடு ரோட்டுல நின்னு மானத்த வாங்கிடும். உன் பழைய மாஸி பெர்குசன் அப்படியில்ல. காத்த அமுக்குற சூட்டுலயே டீசல் பத்திக்கும். ஒரு தடவை ஸ்டார்ட் ஆயிட்டா, பேட்டரி செத்தே போனாலும் ஸ்டாப்பர இழுக்குற வரைக்கும் ஓடும். பகல் பூரா நீ சேடை ஓட்டுவ, ஒண்ணும் தெரியாது. பொழுது சாஞ்சு லைட்டப் போட்டா பல்புக்குள்ள கம்பி மட்டும் செவக்கும். ஒடனே பேட்டரியத் திட்டுவ.

குதிர்ல நெல்லு இல்லன்னா களத்துலேர்ந்து ஏன் வந்து சேரலன்னு கேப்பாங்களா, புதுக் குதிர் வாங்குவாங்களா? பேட்டரி சேத்து வைக்கிற எடம்தான்யா. கொண்டாந்து கொட்ட வேண்டியது ஆல்டர்நேட்டர்.

நீ டீக்கடையில வச்சிருக்குற பாக்கிய விட மல்டிமீட்டர் விலை கம்மி. ஒண்ணு வாங்கு. ராத்திரி நிறுத்துன வண்டியில, காலையில சாவியத் தொடுறதுக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு முனையிலயும் வச்சுப் பாரு. 12.6 வோல்ட் காட்டுனா வயிறு ரொம்பியிருக்கு. 12.2ன்னா அரை வயிறு. 12க்கு கீழன்னா பட்டினி. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டர கொஞ்சம் ஏத்தி வச்சுப் பாரு. 13.8லேர்ந்து 14.4க்குள்ள நிக்கணும். ஏறவே இல்லன்னா ஆல்டர்நேட்டர்லேர்ந்து சல்லிக்காசு வரலன்னு அர்த்தம். 15ஐத் தாண்டுனா ரெகுலேட்டர் காலி. பேட்டரித் தண்ணி கொதிச்சு அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும். அப்ப பக்கத்துல நின்னு பீடி பத்த வைக்காத, அந்தக் காத்து வெடிக்கிற காத்து. பொண்ணு பாக்கப் போற நேரத்துல மீசை முக்கியம்.

வோல்ட் ஏறலன்னு தெரிஞ்ச ஒடனே ஆல்டர்நேட்டரக் கழட்டி தோள்ல போட்டுக்கிட்டு டவுனுக்கு ஓடிடாத. பேட்டரி முனையில பச்சையும் வெள்ளையுமா பூத்து நிக்குதே, அது பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு இல்ல. வெந்நீர்ல சோடா உப்பக் கரைச்சு ஊத்து, நுரைச்சுக்கிட்டு ஓடிடும். செல்லுக்குள்ள எறங்காம பாத்துக்க. கழட்டறப்ப நெகடிவ் மொதல்ல, மாட்டறப்ப நெகடிவ் கடைசியில. ஈயம் பளிச்சுன்னு தெரியிற வரைக்கும் சுரண்டி, இறுக்கி மாட்டி, மேல வாசலின் தடவு.

அடுத்தது எர்த்து. போன ஆயுத பூசைக்கு வண்டிக்கு செவப்புப் பெயிண்ட் அடிச்சியே, கண்ணு பட்டுடும் போல இருந்துச்சு. பிராக்கெட், போல்ட்டு, எர்த் ஒயரோட லக்கு வரைக்கும் ஒண்ண விடாம பூசியிருந்த. பெயிண்ட் வழியா கரண்ட் போகும்னு உனக்கு யாருய்யா சொன்னது? இஞ்சின் ஓடுறப்ப லைட்டப் போட்டுட்டு, மீட்டர்ல ஒரு ஒயர பேட்டரி நெகடிவ்லயும் இன்னொண்ண ஆல்டர்நேட்டர் உடம்புலயும் வையி. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டுனா, நீ பூசுன அழகைச் சுரண்டி எடுக்குற வேலை காத்திருக்கு.

இஞ்சின நிறுத்திட்டு பெல்ட்டக் கட்டை விரலால அமுக்கு. சுமாரா அரை அங்குலம் உள்ள போகணும். பக்கவாட்டுல பளபளன்னு மின்னுனா வழுக்குதுன்னு அர்த்தம். அதுக்காக கடப்பாரைய விட்டு நெம்பி முறுக்கிடாத. பெல்ட் நிக்கும், பேரிங் அழும்.

பாட்டுப் பொட்டியும் நாலு மூலைக்கு நாலு 100 வாட் பல்பும் மாட்டியிருக்கியே, அந்தக் கணக்கையும் பாத்துடுவோம். 12 வோல்ட்டுல 100 வாட்டுன்னா 8 ஆம்பியருக்கு மேல. நாலுக்கும் சேத்து 33. உன் ஆல்டர்நேட்டர் 35 ஆம்பியர். மிச்சம் ரெண்ட வச்சு பேட்டரி பொழைக்கணும், பாட்டும் பாடணும்.

ராத்திரி நிறுத்தி வச்சதும் பேட்டரி எறங்குதா? ஆல்டர்நேட்டருக்குள்ள டயோடுங்க இருக்கு, அதுல ஒண்ணு ஒழுகலாம். ஒரு ராத்திரி ஆல்டர்நேட்டர்லேர்ந்து பேட்டரிக்குப் போற ஒயரக் கழட்டி, முனையில டேப் சுத்தி வையி. காலையில பேட்டரி தெம்பா இருந்தா திருடன் அவன்தான். அந்த டயோடு ஏன் போவுதுன்னு கேக்குறியா? டைனமோ காலத்துப் பெரியவங்க பண்ணுனாங்கன்னு, ஓடுற வண்டியில பேட்டரி ஒயரப் புடுங்கி டெஸ்ட் பண்றியே, அதுல போவும். கேஜ் வீல்ல பட்டை விட்டுப் போச்சுன்னு, பேட்டரி ஒயரக் கழட்டாமலே வெல்டிங் வைக்கிறியே, அதுலயும் போவும்.

இவ்வளவும் சரியா இருந்து, அப்பவும் ஏறலயா? ஸ்குரூ டிரைவர எடு. இஞ்சின் ஓடக்கூடாது, சாவிய மட்டும் திருப்பி வையி. ஆல்டர்நேட்டர் பின்பக்கம் பேரிங் இருக்குற எடத்துக்கிட்ட முனையக் கொண்டு போ. கையிலேர்ந்து வெடுக்குன்னு இழுத்து ஒட்டிக்கணும். சும்மா தொட்டுட்டுத் திரும்பி வந்தா, உள்ள ரோட்டர் காந்தமாகலன்னு அர்த்தம். ஒண்ணு கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும், இல்லன்னா அதுக்கு கரண்டே வரல.

எங்கேர்ந்து வரணும்? இந்த வண்டிய உங்க தாத்தா எடுத்தப்ப டைனமோதான். அது இரும்புல ஒட்டியிருக்குற மிச்சக் காந்தத்துலயே முழிச்சுக்கும். உங்கப்பா மாத்துன ஆல்டர்நேட்டருக்கு யாராவது தட்டி எழுப்பணும். டேஷ்போர்டுல செவப்பா ஒரு சின்ன சார்ஜ் லைட்டு இருந்துச்சே, சாவியப் போட்டா எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையுமே, அது வழியா போற துளி கரண்ட்தான் எழுப்பும். அந்தப் பல்பு இல்லன்னா ஆல்டர்நேட்டர் பாட்டுக்கு சுத்தும், ஒண்ணும் தராது.

கண்ணக் கூசுதுன்னு அந்தப் பல்ப போன வருஷம் புடுங்கி வாய்க்கால்ல எறிஞ்சது யாருன்னு நான் கேக்கல. பாத்தேன், அவ்வளவுதான்.

இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மாமாங்கிறியா? சொல்லியிருந்தா அந்த எர்த்தத் திரும்பிப் பாத்திருப்பியா? பெல்ட்டத் தொட்டிருப்பியா? டீக்கடைப் பாக்கிய விட மலிவா இன்னொரு சாமான் இருக்கு, அதே வாட்டுல ஒரு பல்பு. வாங்கி மாட்டு. புது பேட்டரியத் திருப்பித் தர முடியாது, பழச சார்ஜ் ஏத்தி வை, கையிருப்பா இருக்கட்டும்.

எனக்கு ஃபீஸா? அதெல்லாம் ஒண்ணும் வேணாம், நீ நம்ம புள்ள. ஜூன் 12-ல மேட்டூர் தொறந்தா தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வர சில நாள் ஆகும். வந்ததும் ஊரே உன் வண்டிய இழுக்கும். நம்ம ரெண்டு மா நெலந்தான் தலைமடையில இருக்கு, மொதல் சேடைய அதுல போட்டுட்டுப் போ. டீசல் காசப் பத்தி அறுப்புக்கு அப்புறம் பேசிக்குவோம்.