ஒத்தை ஆள் கூட்டம்

பெரம்பலூர் நான்கு ரோட்டுப் பக்கம், மாடியில் ஓர் அறை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஆறு பழைய போன், சூடேறிப்போன ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி. உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான். ஃபேஸ்புக்கிலும் எக்ஸிலும் எண்ணினால் பதினாலு பேர். ஊரில் 'அட்மின் அண்ணன்' என்றால் தெரியும்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. இந்த மாவட்டமே 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்து, 2001-இல் அரியலூரைப் பிரித்துக் கொடுத்து, 2002-இல் திரும்பச் சேர்த்துக்கொண்டு, 2007-இல் மறுபடியும் பிரித்து அனுப்பியது. மண்ணின் குணம் மனுஷனுக்கும் வந்துவிட்டது.

பதினாலு பேரில் மூத்தவர் 'சோழமண்டல வேங்கை'. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் விமானம். தக்காளி விலையைப் பற்றிப் பேசினாலும் "வரலாறு தெரியுமாடா உனக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார். அடுத்தவர் 'சின்ன வெங்காய விவசாயி'. அண்ணன் கடைசியாக வயலில் கால் வைத்தது பத்தாம் வகுப்பில், டியூஷனுக்குக் குறுக்கு வழியில் போனபோது.

மூன்றாவதுதான் நட்சத்திரம்: கயல்விழி. எப்போதோ நின்றுபோன சீரியல் ஒன்றின் துணை நடிகை படத்தை இடவலம் மாற்றி வைத்திருக்கிறார். அண்ணனின் தாய்மாமன், அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர், தினம் காலை ஐந்தரைக்கு அவளுக்கு ரோஜாப்பூவோடு வணக்கம் வைக்கிறார். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர், "ஏன் மாப்ள, உன் போஸ்டுக்கு ரெண்டு லைக்குகூட விழலியே. அந்தக் கயல்விழிப் புள்ளைகிட்ட கத்துக்கடா" என்றாராம். அத்தை பக்கத்தில் இருந்ததால் அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

வேலை முறை எளிது. மாலை நாலு மணிக்கு டெலிகிராம் குழுவில் ஹேஷ்டேக் வரும், கூடவே எழுதிவைத்த வாசகங்களும். ஆறு மணிக்கு பதினாலு பேரும் ஒரே நேரத்தில் கொதித்தெழ வேண்டும். ஒருநாள் அவசரத்தில், "மேலே உள்ளதை அப்படியே காப்பி செய்து போடவும்" என்ற வரியையும் சேர்த்து வெங்காய விவசாயி ஒட்டிவிட்டார். அதற்கும் "அருமை தோழர்" என்று கமெண்ட் வந்ததுதான் வேடிக்கை.

கேலி செய்தால், "தம்பி, மத்திய மந்திரிக்கே நடந்ததுடா" என்பார். அது மட்டும் பொய்யில்லை. 2019 பிப்ரவரியில், பாஜக ஐடி பிரிவு எழுதிவைத்திருந்த ட்வீட் கோப்புக்குள் உண்மை சரிபார்க்கும் தளமான ஆல்ட் நியூஸின் பிரதீக் சின்ஹா புகுந்து வாசகங்களை மாற்றிவைத்தார். நடுத்தர வர்க்கத்துக்கு உழைப்பதெல்லாம் மோடி அரசுக்குக் கடைசி வேலைதான் என்கிற பொருளில், அப்போதைய மத்திய இணையமைச்சர் பொன். ராதாகிருஷ்ணன் கணக்கிலிருந்தே பதிவு வெளியானது. எதிர்முகாம் சிரித்து ஓய்வதற்குள் ஏப்ரல் பிறந்தது. காங்கிரஸ் ஐடி பிரிவோடு தொடர்புடையவர்கள் நடத்தியவை என்று சொல்லி 687 பக்கங்களையும் கணக்குகளையும் ஃபேஸ்புக் நீக்கியது.

அண்ணனுக்குக் கட்சி பேதம் கிடையாது. போன தேர்தலில் இரண்டு பக்கமும் ஆர்டர் எடுத்திருந்தார். ஒரு ராத்திரி வேங்கையும் விவசாயியும் குடும்பத்தையெல்லாம் இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். கயல்விழி நடுவில் வந்து, "நாம எல்லாரும் ஒரு தாய் பிள்ளைங்கதானே" என்றாள். ஒரு தாய் பிள்ளையேதான்! மாமா நெகிழ்ந்துபோய் அதை ஏழு குழுக்களில் பகிர்ந்தார்.

கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சொன்னேன். "பதினாலு பேரும் ஆளுக்கு ரெண்டரை மாசம் பிரிச்சுக்குவோம்" என்றார்.

"இவ்வளவு ஆள் இருக்கீங்களே, ஒருநாள் நம்ம ஊருக்கு ரயில் கேட்டு ட்ரெண்ட் பண்ணக் கூடாதாண்ணே?"

அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "பேமென்ட் யாரு தருவா?"

பெரம்பலூருக்கு இன்னும் ரயில் வரவில்லை. ரயில் ஏற வேண்டுமென்றால் அரியலூருக்குப் பஸ் பிடிக்க வேண்டும்.