அகப்பை பிடிக்காத பெரியப்பா

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் எங்கள் தெருவில் மட்டும் இந்த ரகத்தில் நாலு பேர் தேறுவார்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். கையில்லாத பனியன், கட்டம் போட்ட சாரம், அடுப்படி வாசலை அடைத்தாற்போல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பிறந்ததிலிருந்து அகப்பையைத் தொட்டதில்லை. ஆனால் பெற்ற தாயின் கைப்பக்குவத்துக்கு இவர்கள்தான் சட்டப்படி வாரிசு.

நாலு பேரில் முதல்வர் எங்கள் பெரியப்பா. ஓய்வு பெறும்வரை துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறுகிற மூட்டை எத்தனை, இறங்குகிற மூட்டை எத்தனை என்று எண்ணி எழுதுகிற வேலை. ஒரு மூட்டை உதைத்தாலும் அன்று ராத்திரி தூங்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதரிடம் கூட்டாஞ்சோற்றுக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் எண் வராது. "கண்ணு சொல்லும்ட்டி" என்பார். யாருடைய கண் என்பது எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள்கள் எல்லாருக்கும் உள்ள சந்தேகம்.

கூட்டாஞ்சோறு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சோறு, குழம்பு, கூட்டு மூன்றும் ஒரே பாத்திரத்தில் ஒன்றாக வெந்து இறங்கும் சமாச்சாரம். ரெண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், அவரை, கொத்தவரங்காய், மாங்காய். தேங்காயும் சீரகமும் வத்தலும் சின்ன வெங்காயமும் சேர்த்து அரைத்த மசால். இறக்குகிற நேரத்தில் ஒரு கை முருங்கைக் கீரை. தொட்டுக்கொள்ள அப்பளம், கூழ்வத்தல். சென்னையிலிருந்து வந்த மருமகள் ஒருத்தி வாய் தவறி "ஓ, சாம்பார் சாதமா?" என்று கேட்டுவிட்டாள். அன்று முழுக்கப் பெரியப்பா அவளிடம் பேசவில்லை. பிசிபேளாபாத் என்று சொன்ன இன்னொருத்தியை இன்றுவரை மன்னிக்கவில்லை. திருநெல்வேலிக்காரர் யாராவது இது எங்கள் ஊர்ச் சாப்பாடு என்று உரிமை கொண்டாடினால் மட்டும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பார். "1986-ல ஜில்லாவத்தான பிரிச்சான், சோத்தயா பிரிச்சான்?"

சோற்றைப் பிரிக்கவில்லையே தவிர, ஆச்சி போன பிறகு அதைச் சமைத்த சாமான்களைப் பிரித்தார்கள். அம்மி நடுச் சித்தப்பாவுக்கு, அருவாமனை எங்கள் அப்பாவுக்கு, ஈயம் பூசிய பித்தளை உருளி கடைசிச் சித்தப்பாவுக்கு. பெரியப்பாவின் பங்குக்கு வந்தது நாக்கு. அந்த உருளி இப்போது சித்தப்பா வீட்டு வரவேற்பறையில் தண்ணீரும் ரோஜா இதழுமாக உட்கார்ந்திருக்கிறது. புளி ஊற்றிச் சமைக்கிற பாத்திரத்துக்கு ஈயம் வேண்டும், இல்லாவிட்டால் களிம்பு ஏறிக் கசக்கும். ஈயம் பூசுகிறவர் எங்கள் தெருப்பக்கம் வந்தே பல வருஷம் ஆகிறது. ஆகவே எல்லாம் குக்கரில். குக்கர் விசிலடிக்கும்போதெல்லாம் பெரியப்பா கண்ணை இறுக மூடிக்கொள்வார். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது, எங்கம்மா கூட்டாஞ்சோறு அவளோடு நின்றது, தூத்துக்குடிக்கு ஈடு செய்ய முடியாத நஷ்டம் இந்த இரண்டுதான் என்பது அவர் தீர்ப்பு.

இந்த வியாதி நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. தெற்குப் பிரான்ஸில் கசூலே என்று ஒன்று, வெள்ளை பீன்ஸையும் இறைச்சியையும் மண்சட்டியில் மணிக்கணக்காக வேகவைப்பது. காஸ்டெல்னோடரி, கார்கசோன், துலூஸ் என்று மூன்று ஊர்க்காரர்கள் அதற்காக மல்லுக்கு நிற்கிறார்கள். அங்கேயும் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், சந்தேகமே இல்லை. சாரம் மட்டும் கட்டியிருக்க மாட்டார்.

எங்கள் வீட்டில் சித்திரை விடுமுறைக்குக் குடும்பம் கூடும்போது வருஷா வருஷம் கூட்டாஞ்சோறு உண்டு. நாள் குறிப்பது பஞ்சாங்கம் இல்லை, குழாய். எங்கள் பக்கத்து நிலத்தடித் தண்ணீர் உப்பு, அதில் பருப்பு லேசில் வேகாது. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற நாள்தான் கூட்டாஞ்சோறு. அன்று விடிகாலையிலேயே பெரியப்பா நாற்காலியைப் போட்டுவிடுவார்.

"எம்மா, புளிய முந்தி ஊத்திராத. பருப்பு முண்டிக்கிட்டு நிக்கும்."

இது நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். புளிப்பு முதலில் போனால் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். ஆனால் பெரியம்மாவிடம் இதைச் சொல்வது, துறைமுகத்திடம் போய்க் கடல் எந்தப் பக்கம் என்று சொல்வது மாதிரி. அவள் காதில் வாங்கிய மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டாள். "வாழைக்கா பெரிசா நறுக்கு." "ம்." "கத்தரிக்கா கடைசியில." "ம்." கத்தரிக்காய் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும்.

உப்புக்கு வரும்போதுதான் விரிவுரை. பாக்கெட் உப்புக்குக் கூட்டாஞ்சோற்றில் அனுமதி இல்லை. "குஜராத்துக்கு அடுத்தால இந்தியாவுல உப்புன்னா நம்ம தூத்துக்குடிதான். அளத்துக்கு நடுவுல குடியிருந்துட்டு பாக்கெட்டக் கிழிக்கியளே, வெக்கமா இல்ல?" தானே அளத்துப் பக்கம் போய் வாங்கி வந்த கல்லுப்பை உள்ளங்கையில் வைத்து, கப்பலுக்குக் கொடி காட்டுகிறவர் மாதிரிக் கையை உயர்த்துவார். "போடு." பெரியம்மா உள்ளேயிருந்து சொல்வாள், "போட்டாச்சு."

அப்புறம் தீர்ப்பு நேரம். முதல் உருண்டை வாய்க்குள் போகும். பிள்ளைகள் உட்பட எல்லாரும் அவர் தாடையையே பார்ப்போம். கண்ணை மூடி, மெதுவாக மென்று, விழுங்கி, "நல்லாருக்கு" என்பார். யாரும் மூச்சு விட மாட்டோம். அடுத்தது வந்தே தீரும்.

"ஆனா..."

போன வருஷம் அந்த 'ஆனா' வந்தபோது பந்தியில் அத்தையும் இருந்தாள். பெரியப்பாவுக்கு மூத்தவள், எண்பத்தெட்டு வயது, ஆத்தூரில் மகள் வீட்டில் இருப்பவள். 2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது ஏதோ தனக்கே கிடைத்த பட்டம் என்கிற தோரணையில் கையில் ஒரு கவுளியோடு வந்திருந்தாள்.

"ஆனா என்னல?" என்றாள்.

"மாங்கா புளிப்பு அம்மா வச்ச மாதிரி எறங்கல எக்கா. உப்பும் தூக்கலா நிக்கி."

அத்தை ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"அம்மா இத எந்த மாசம் வச்சா, சொல்லு."

பெரியப்பா முழித்தார்.

"ஐப்பசி கார்த்திகையில. மழையில அளத்துல வேலை கெடயாது, அப்பாவுக்குக் கூலி கெடயாது. எட்டுப் பிள்ளையளுக்குச் சோறு தனி, கொழம்பு தனி, கூட்டு தனின்னு வைக்க என்னத்தல இருந்துச்சு? அடுத்த வீட்டு மைனி ரெண்டு கத்தரிக்கா குடுப்பா. முருங்க நம்ம மரத்துல. எல்லாத்தயும் ஒண்ணாப் போட்டு எறக்குனா. அதுல மாங்காயாம்! ஐப்பசியில மாங்கா எவன் குடுத்தான் ஒனக்கு?"

"இல்ல எக்கா, அந்தப் புளிப்பு இன்னும் என் நாக்குல நிக்கி."

"நிக்கும். அது மாங்கா வத்தல்ல. சித்திரையில உதுந்த மாங்காயக் கீறி, அளத்து உப்ப அள்ளிப் போட்டுக் காயவச்சு பானையில கட்டி வச்சிருப்பா. அதப் போட்டதுக்கு அப்புறம் உப்பு எதுக்கு? கூட்டாஞ்சோத்துக்கு அம்மா உப்பே போட்டது கெடயாது."

அடுப்படியில் பெரியம்மா கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் துல்லியமாகக் கேட்டது. பெரியப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் இலையை லேசாக முன்னால் நகர்த்தினார். பெரியம்மா வந்து இன்னொரு அகப்பை வைத்தாள். "இது உப்புப் போட்டது, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுவாரம் ஒரு வேலையாக அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் மாங்காய்க் கீற்று காய்ந்துகொண்டிருந்தது, காக்காய்க்குக் காவலாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியப்பா. காதில் செல்போன். மறுமுனையில் சென்னை மருமகள், சாம்பார் சாதம் என்று சொன்னவள்தான்.

"உப்பே போடக் கூடாதும்மா. எங்கம்மா கைப்பக்குவமே அதுலதான் இருக்கு. எத்தன வருசமாச் சொல்லுதேன், இந்த வீட்டுல யாரு கேக்கா?"