ஆப்பு விக்க வந்த மருமவனுக்கு

வாரும் மருமவனே, திண்ணையில உக்காரும். மோரு குடியும். கழுத்துல அட்டை, கையில பளபளன்னு நோட்டீசு, என்ன யாவாரம்னு கேட்டா 'படிப்பு ஆப்பு'ங்கிறீரு. பிள்ளைக வீட்டுல இருந்தே செல்லுல படிச்சுக்கிடலாம், இனிமே பள்ளிக்கூடமே வேண்டாம்ங்கிறீரு. நல்லது. நம்ம ஊருக்கு ஆப்பு ஒண்ணும் புதுசில்ல, வாரவன் போறவன் எல்லாம் வச்சுட்டுத்தான் போறான். ஆனா நீரு அக்கா மகனாப் போயிட்டீரு. வெறுங்கையோட அனுப்பினா அக்கா என்னைத்தான் வைவா. யாவாரம் படிய நாலு யோசனை சொல்லுதேன், கேட்டுக்கிடும்.

மொத யோசனை. ஆப்போட ஆளுக்கொரு தண்ணித் தொட்டியும் சேத்துக் குடும். சிரிக்காதேயும். 2020 பங்குனியில கொரோனான்னு பள்ளிக்கூடத்தைப் பூட்டினாங்க. ரெண்டு மூணு மாசத்துல செல்லுல வகுப்புன்னாங்க. நம்ம ஊருல டவர் கிடைச்ச இடம் ஒண்ணே ஒண்ணு, மேல்நிலைத் தொட்டி ஏணியில பதினோராவது படி. பத்தாவது படியில வாத்தியாரு வாய் அசையும், சத்தம் வராது. பன்னெண்டாவது படியில சத்தம் வரும், ஆளு உறைஞ்சு போயிருவாரு. கீழ பெத்தவ நின்னு "புடிச்சுக்கடா, புடிச்சுக்கடா"ன்னு கத்துவா. படிப்படியாப் படிக்கணும்னு பெரியவங்க சொன்னதுக்கு அன்னைக்குத்தான் எனக்கு அர்த்தம் விளங்குச்சு. 2021 தையில இருந்து காலேஜ் பிள்ளைகளுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டான்னு சர்க்காரு சிம்மு குடுத்துச்சு. தப்பு சொல்லல. அகப்பை குடுத்தாங்க, சட்டி ஏணியிலல்ல இருந்துச்சு!

ரெண்டாவது, வீட்டுக்கு மூணு செல்லு இனாம்னு போட்டுரும். எம்மவன் கொத்தனாரு. இருந்த ஒரே டச்சு போனை மேஸ்திரி கூப்பிடுவாருன்னு காலம்பற எடுத்துட்டுப் போயிருவான். பத்து மணி வகுப்பு யாருக்கு நடந்துச்சோ, நம்ம வீட்டுல நடக்கல. அப்புறம் ஆட்டை வித்து இன்னொண்ணு வாங்கினோம். அதுவும் யாரு கைக்குப் போச்சு? ஏழாப்பு படிச்ச பேரனுக்கு. அவனைத்தான காசு கட்டித் தனியார் பள்ளிக்கூடத்துல போட்டிருந்தோம். ஒண்ணாப்புப் பேத்திக்கு? அவ பொம்பளப் பிள்ளை, பொறுத்துக்கிடுவாளாம். இந்த அசிங்கம் உம்ம நோட்டீசுல இருக்காது, நான்தான் சொல்லணும்.

மூணாவது, கேள்வி கேட்டா நிக்கணும். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆவணியிலயே வந்தாச்சு, நோய் வாரதுக்கு முன்னாலயே. பேத்திக்கு வாய்ச்ச வாத்தியாரு அந்த டிவிதான். நல்லாத்தான் சொல்லிக்குடுத்துச்சு. இவ கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டா. அது பாட்டுக்கு அடுத்த பாடத்துக்குப் போயிட்டு. கை வலிச்சதும் இறக்கிட்டா. அப்புறம் தூக்கவே இல்ல.

நாலாவதுதான் முக்கியம், மோரைக் கீழ வச்சுட்டுக் கேளும். ஒரு நாள் பேரன் என்னை அந்தப் பதினோராவது படியில ஏத்தி விட்டு, செல்லை என் கையில குடுத்து, "தாத்தா, பேரு கூப்பிட்டா எஸ் மிஸ்னு மட்டும் சொல்லு"ன்னுட்டுக் கம்மாய்க்குக் குளிக்கப் போயிட்டான். கணக்கு டீச்சர். வீட்டுச் சுவத்துல சின்னதா ஒரு கரும்பலகை, பின்னால குக்கர் விசில் அடிக்குது. அவங்களைச் சுத்திக் கட்டங் கட்டமா இருட்டு, ஒவ்வொரு இருட்டுக்கும் கீழ ஒரு பிள்ளை பேரு. அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா ஆறுல அஞ்சுன்னாங்க. அரைக்கால், வீசம் எல்லாம் விரல்ல எண்ணுத எனக்கே தலை சுத்திச்சு. "புரியுதா பிள்ளைகளா?"ன்னாங்க. ஒரு சத்தமும் இல்ல. மறுபடி கேட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. "எனக்குப் புரியலம்மா"ன்னுட்டேன்.

"யாரது?"ன்னாங்க. முழிச்சேன். பேரனுக்குப் பதிலா தாத்தான்னு உண்மையைச் சொன்னேன். வைவாங்கன்னு பாத்தா, கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "வகுப்பு ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு தாத்தா. புரியலன்னு ஒரு வாய் சொன்னது இன்னைக்குத்தான்"ன்னாங்க. குரல் கம்மிப் போச்சு. எந்திரிச்சுப் போயி ஒரு தோசையை எடுத்துட்டு வந்து ஆறு துண்டாப் போட்டாங்க. இந்தா மூணு துண்டு, இது அரை. இந்தா ரெண்டு துண்டு, இது மூணுல ஒண்ணு. தட்டுல மிச்சம் ஒண்ணு. எழுபது வயசுல நான் பின்னம் படிச்சேன் மருமவனே, பேரன் படிக்கல.

வகுப்புல உக்காந்திருந்தா யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டாம். மூணாவது பெஞ்சுல ஒருத்தன் முழிக்கிற முழியே வாத்தியாருக்குச் சொல்லிரும். உம்ம ஆப்புக்கு அந்த முழி தெரியுமா? தெரியும்படியாச் செஞ்சுட்டு வாரும், மொத ஆளா நான் வாங்குதேன். அந்த டீச்சருக்குப் பாதிச் சம்பளம், அதுவும் நாலஞ்சு மாசம் நின்னு போச்சு. இட்லி மாவு அரைச்சு வித்தாங்க. எங்களுக்கு மட்டும் பீஸைக் கட்டுன்னு மெசேஜ் தவறாம வந்துச்சு. அதுக்கு எந்தப் படியிலயும் டவர் கிடைச்சுது, பாத்துக்கிடும்!

செல்லை நான் வையல. அதுவும் இல்லைன்னா அந்தக் குரல் கூட வந்திருக்காது. ஊரடங்குல அது ஊன்றுகோலு. கால் சுகமான பெறகும் கோலையே காலுன்னு விக்க வந்தீரு பாரும், அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

பேத்தி கதையைக் கேளும். எட்டாப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1. ஒண்ணாப்புல பேரு எழுதின பிள்ளை, வகுப்புல மொதமொத உக்காந்தது ரெண்டாப்புல. 'அ' எழுதச் சொன்னா யானைத் தும்பிக்கை வரைஞ்சா. அந்த ஐப்பசியிலதான் விழுப்புரம் பக்கம் 'இல்லம் தேடிக் கல்வி'ன்னு சர்க்காரு ஒரு திட்டம் ஆரம்பிச்சுச்சு. நம்ம ஊருக்கும் வந்துச்சு. மாசம் 1000 ரூவாய்க்கு, காலேஜ் முடிச்ச நம்ம ஊருப் பிள்ளை ஒருத்தி, சாயங்காலமானா இதே திண்ணையில ஒரு சாக்பீசோட உக்காந்தா. பேத்தி மறுபடி தூக்கின கையைப் பாத்துப் பாடத்தை நிறுத்தினது அவதான்.

நாலு யோசனையும் சொல்லியாச்சு. நோட்டீசைப் பைக்குள்ள வச்சுக்கிடும். நீரு பிஎஸ்சி கணக்குல்ல? இந்தத் தெருவுல இன்னும் மூணு பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியல. சாயங்காலம் வந்து உக்காரும். தோசையை நான் சுடச் சொல்லுதேன், துண்டு நீரு போடும்.