பட்டிக்குக் காலு வேணுமா, கண்ணு?

வா கண்ணு, திண்ணையில உக்காரு. ஆட்டுப்பட்டி அடைக்கக் காலு வேணும், சத்தியமங்கலம் காட்டுல வெட்டிக்கலாம்னு சொன்னயாமா. நல்ல யோசன. அரசாங்கக் காடு மக்களோட காடு, மக்கள்ல நீயும் ஒருத்தன். கணக்கு சரியாத்தான் இருக்குது. அதே கணக்குல கருவூலத்துக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு.

1882-ல வெள்ளக்காரன் மெட்ராசுக்குன்னு ஒரு வனச்சட்டம் போட்டான். அவன் போயிட்டான், சட்டம் போகுல. பேர மட்டும் தமிழ்நாடுன்னு மாத்திக்கிச்சு. காப்புக்காட்டுல மரத்த வெட்டுறது மட்டுமா குத்தம்? பட்டைய உரிச்சாக் குத்தம், கெளைய கழிச்சாக் குத்தம், அத்துமீறி உள்ள நொழஞ்சாலே குத்தம். எதையெல்லாம் புடிச்சு வெச்சுக்கலாம்னு எழுதியிருக்கான் பாரு, சீர்வரிசை தோத்துப்போகும்: வெட்டுன கட்டை, வெட்டுன ஆயுதம், கட்டுன கயிறு, சங்கிலி, ஏத்துன வண்டி, இழுத்த மாடு. படகு கூட இருக்குது. உன்றகிட்ட படகு இல்ல, அந்த மட்டுக்கு லாபம். அந்தக் காடு 2013-லருந்து புலிகள் காப்பகம் வேற. உள்ள போக பெர்மிட்டு கேக்காத ஒரே ஆளு புலிதான்.

மனு எழுதிப் பாக்கலாம்ங்கிறயா? 1996 டிசம்பர்ல கோதவர்மன் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிப்போட்டுது, மத்திய அரசு ஒத்துக்கிட்ட செயல்திட்டம் இல்லாம எந்தக் காட்டுலயும் மரம் வெட்டப்படாதுன்னு. அந்த வழக்கு மொளச்சதே நம்ம கூடலூர்க் காட்டுலதான். அதனால, ‘ரெண்டு காலு எடுத்துக்கப்பா’ன்னு ரேஞ்சரே சொன்னாருன்னு வெச்சுக்கோ, எனக்கு அவரு மேலதான் சந்தேகம் வரும்.

சரி, காசு குடுத்தே வாங்குன மரம்னு வெச்சுக்குவோம். அதுவும் சும்மா வராது. மரம் ஏத்திட்டுப் போறதுக்கு 1968-லயே தனி விதி. கட்டையில முத்திரை, கூடவே பெர்மிட்டு. ‘சீட்டு வூட்டு பீரோவுல பத்திரமா இருக்குதுங்க’ன்னு செக்போஸ்டுல சொல்லிப் பாரு, சிரிக்கக்கூட மாட்டாங்க.

மூங்கிலு புல்லு வகதானன்னு கேப்ப, படிச்சவன். 2017-ல மத்திய சட்டத்துல மூங்கில மரக் கணக்குலருந்து எடுத்தாங்க, வாஸ்தவம். ஆனா அது காட்டுக்கு வெளிய வளர்றதுக்கு. வேலிக்கு இந்தப்பக்கம் புல்லு, அந்தப்பக்கம் மரம். மாட்டுக்கு இது புரியாது, வாட்ச்சருக்குப் புரியும்.

மலையில இருக்குற சோளகரு, ஊராளி சனத்துக்கு 2006 சட்டப்படி மூங்கிலு, தேனு, மரத்தோட அடிக்கட்டை வரைக்கும் எடுக்க உரிமை உண்டு. நீயும் கேக்கலாம், மூணு தலைமுறையா காட்டுல குடியிருந்து அதையே நம்பிப் பொழச்சேன்னு காட்டோணும். பைபாஸ் ஓரத்துல மாடிவூடு கட்டுனத மட்டும் சொல்லீராத.

காட்ட விடு, வேற வழி சொல்றேன். காங்கயம் பக்கம் கொறங்காட்ட, அதான் மேய்ச்சக் காட்ட, பாத்திருக்கிறயா? சுத்தியும் கிளுவை வேலி. மழைக்கு முன்ன நல்ல போத்தா வெட்டி நெருக்கமா நட்டுட்டா, வேரு புடிச்சு அதுவே காலு, அதுவே வேலி. முள்ளு இருக்குது, ஆடு தாண்டாது. கரையானும் தின்னாது, ஏன்னா உசுரோட நிக்குது. போத்து வேணும்னா என்ற வேலியிலயே வெட்டிக்கோ. அதுக்கு நாந்தான் ரேஞ்சரு. அவசரம்னா கல்லுக்கால் வாங்கி நடு, செலவாகும், அவ்வளவுதான்.

இல்ல, காட்டுக்கேதான் போவேன்னா தாராளமாப் போ, நான் தடுக்குல. போறதுக்கு முன்ன, பொங்கலுக்கு வாங்கிட்டுப் போனயே என்ற கோடாலி, அத மட்டும் கொண்டாந்து குடுத்துரு.