வயித்தப் பாரு, ஊர் வாயப் பாக்காத

கேளுகா மகள். உன்ட புள்ளைக்கு வயித்தால போகுது எண்டு சுபஹுக்கு முந்தியே தெருவுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. பக்கத்து ஊட்டு மாமி கண்ணூறு எண்டா. எதிர் ஊட்டு மச்சி பல்லு முளைக்குது எண்டா. உன்ட உம்மா சூடு எண்டா. நீ போனத் திறந்தாய். அதுக்குள்ள நாலு டொக்டர், நாப்பது மருந்து. எல்லார்ட வாயையும் பாத்த நீ, புள்ளைட பம்பர்ஸ மட்டும் பாக்காமச் சுருட்டி எறிஞ்சுட்டாய். ஆஸ்பத்திரியில முதல்ல கேக்கிறதே அதத்தான்: எத்தின தரம் போச்சு, என்ன நிறம், ரத்தம் இரிக்கா, கடைசியா எப்ப மூத்திரம் போச்சு? அப்ப நீ மாமிட முகத்தப் பாப்பாய், மாமி கூரையப் பாப்பா.

நான் கரவாகு வட்டையில தண்ணி கட்டியே கிழண்டவன். வரம்பு உடைஞ்சு தண்ணி போனா, அடைக்கிறது ஒரு பக்கம் கிடக்கட்டும், பயிர் வாடாமத் திரும்ப விடோணும். உங்கட சட்டம் வேற. வயித்தால போற புள்ளைக்குத் தண்ணி குடுத்தா இன்னும் போகுமாம்! நல்ல சட்டம்தான், புள்ள காஞ்சு போறதுக்கு.

1971ல கிழக்குப் பாகிஸ்தான் யுத்தத்துக்குப் பயந்து சனம் இந்தியாவுக்கு ஓடின நேரம், பொங்காவ் அகதி முகாமுல கொலரா. சேலைன் முடிஞ்சுபோச்சு. டாக்டர் திலீப் மஹலானபிஸ் எண்டவர் உப்பும் சீனியும் கலந்த தண்ணியக் குடிக்கக் குடுத்தார். நூத்துக்கு 30 பேர் மௌத்தான இடத்துல, 4 பேருக்கும் குறைஞ்சுபோச்சு. அந்த வழியில வந்ததுதான் உன்ட ஊட்டு அலுமாரியில கிடக்கிற ஜீவனி பக்கட்.

அதையும் கைப்பக்குவத்துல கரைக்காத. கைப்பக்குவம் ஆணத்துக்கு. இதுக்கு பக்கட்டுல போட்டிரிக்கிற அளவு, கொதிச்சு ஆறின தண்ணி. 24 மணித்தியாலம் போனா கொட்டிட்டுப் புதுசாக் கரை. ஒவ்வொரு தரம் போன பிறகும், ரெண்டு வயசுக்குக் குறைஞ்சதுக்கு 50 தொடக்கம் 100 மி.லீ., மூத்ததுக்கு 100 தொடக்கம் 200. சத்தி எடுத்தா பத்து நிமிசம் பொறுத்துட்டுக் கரண்டி கரண்டியாக் குடு. தாய்ப்பால நிப்பாட்டாத, சோத்தையும் நிப்பாட்டாத. சோடாவ நிப்பாட்டு. பெரியாக்கள் வயித்தக் கட்டுறதுக்குப் போடுற குளிசைய உடைச்சுக் கால்வாசி குடுக்கிற கெட்டித்தனத்தையும் நிப்பாட்டு. டொக்டர் சிங்க் மருந்து 10, 14 நாளைக்குத் தந்தா, மூணாம் நாள் சுகம் எண்டு அலுமாரிக்குள்ள ஒளிச்சு வெக்காத.

தேன் சுன்னத்தான சாமான், நானும் நக்குறவன்தான். ஆனா ஒரு வயசு முடியாத புள்ளைட நாக்குல தடவாத. அதுல சில நேரம் இரிக்கிற ஒரு கிருமி குழந்தைட குடலுக்குள்ள முளைச்சு நஞ்சாகும்.

போகாத கதையும் இரிக்கி. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற புள்ள ஒரு மாசம் தாண்டினா, சில நேரம் கிழமைக்கு ஒரு தரம்தான் போகும். இளக்கமாப் போய், சிரிச்சுக்கிட்டுப் பால் குடிச்சா, நீயும் சிரி. சவுக்காரத் துண்டத் தேடாத. பள்ளிக்கூடம் போறவன் கதை வேற. காலையில பிஸ்கட், பின்னேரம் பால்மா, இரவைக்குக் கொத்து. பழம் எண்டா மூக்கச் சுழிப்பார். பள்ளிக்கூடத்துக் கக்கூசு நாத்தம் எண்டு அடக்கிக்கிட்டு வருவார். உள்ளுக்கு இறுகிக் கிடக்க, ஓரத்தால தண்ணி கசிஞ்சு காச்சட்டைய நனைக்கும். நீ வயித்தால போகுது எண்டு அடிப்பாய். அடிக்கிற நோயில்லகா அது, மருந்துள்ள நோய். பப்பாப்பழம், கீரை, தண்ணி, சாப்பிட்டாப்போல கக்கூசுல அஞ்சு நிமிசம். அதுக்கும் சரிவராட்டி டொக்டர்.

இப்ப ஓடுற கதை. கண்ணு குழி விழுந்து, அழுதாலும் கண்ணீர் இல்ல. ஆறு மணித்தியாலமா மூத்திரம் இல்ல. குடிச்சதெல்லாம் சத்தி, இல்லாட்டி குடிக்கவே ஏலாம உறங்கி விழுகுது. மலத்துல ரத்தம். பச்சைச் சத்தி. கைப்புள்ள காலை மடக்கி மடக்கி வீரிட்டு அழுது, பேந்து துவண்டு கிடக்குது. தொப்புளச் சுத்தின நோவு வலப்பக்கம் கீழ இறங்குது. மூணு மாசம் ஆகாத புள்ளைக்கு வயித்தால போறதே போதும். இதுல ஒண்டக் கண்டாலும் உடன போ. பிறந்து ரெண்டு கிழமை தாண்டியும் கண்ணு மஞ்சளா, மலம் சுண்ணாம்பு நிறமா இரிந்தா அண்டைக்கே காட்டு. பித்தக் குழாய் அடைப்பு எண்டா, ரெண்டு மாசத்துக்குள்ள வெட்டினாத்தான் பலன் கூட. சத்தமில்லாத ஆபத்தும் இரிக்கி: 14 நாள் தாண்டின வயித்தோட்டம், கிளினிக் கொப்பியில கீழ இறங்குற நிறைக் கோடு.

லெவ்வைட்ட ஓதுறதுக்கு நான் குறுக்க நிக்கல்ல. போற வழியில ஓதலாம். தன்ட பேரனுக்கு எண்டா லெவ்வையும் ஆட்டோவுல ஏறித்தான் ஓதுறார். அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இரிக்கி, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இரிக்கி. ரெண்டும் காசில்லாத இடம். வாகனம் இல்லாட்டி 1990க்கு அடி, சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மாப்பிள்ளை வட்டையால வரட்டும், நாடகம் முடியட்டும், விடியட்டும் எண்டு நீ தவணை குடுத்தா, புள்ளைட உடம்பு குடுக்காது.

போன பிறகு “ஒண்டுமில்ல, கூட்டிட்டுப் போங்க” எண்டா வெக்கப்படாத. அதக் கேக்கத்தான் போறது. அதச் செல்ல வேண்டிய ஆள் டொக்டர். கிழவன் இவ்வளவு கதைச்சிட்டான் எண்டு, என்ட வாயையும் பாத்துக்கிட்டு ஊட்டுல இரிந்துராதகா.